ஆறுமணிக்குருவியைச் சென்னையில் எங்கே, எப்படித் தேடுவது?

மேடவாக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஆறுமணிக்குருவி சென்னைக்கே வரும் என்கிறார்கள். போன குளிர்காலத்தில் பைனாகுலரும் கையுமாகப் பள்ளிக்கரணை, கிண்டி என்று அலைந்தேன். ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் நங்கநல்லூரில் இருக்கும் என் தோழி வீட்டு பால்கனியில் ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது! எங்கே, எப்போது, எப்படித் தேடினால் பார்க்கலாம்?"

வரும். வருடம் தவறாமல் வருகிறது, ஐப்பசி மழைக்குச் சற்று முன்னும் பின்னுமாக. சென்னையில் அது எண்ணிக்கையில் அபூர்வம் என்று சொல்ல முடியாது, கண்ணில் படுவதுதான் அபூர்வம். பறவை பார்க்கப் பழகியவர்கள் பொதுவாக வெயில் வந்த பிறகு போவோம், நடந்துகொண்டே பார்ப்போம், மரங்களை அண்ணாந்து பார்ப்போம். இந்தக் குருவி மூன்றுக்கும் நேர் எதிர். விடிவதற்குள் கூவி முடித்துவிடும், நடமாட்டம் தெரிந்தால் ஒதுங்கிவிடும், பகல் முழுக்கத் தரையில்தான் இருக்கும். அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: குருவியைத் தேடாதீர்கள், சருகைத் தேடுங்கள். நல்ல சருகுத் தரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் காது வேண்டும், உட்காரப் பொறுமை வேண்டும்.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். தோட்டக்கள்ளன் என்றும் இதைச் சொல்வார்கள். மைனாவை விடச் சிறியது, 18 சென்டிமீட்டர் அளவு, எடை 50, 60 கிராம். வால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை வால், அதற்குச் சம்பந்தமில்லாத நீளமான இளஞ்சிவப்புக் கால்கள். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், தொண்டை வெள்ளை, மார்பு மஞ்சள் கலந்த மரநிறம், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, அடிவயிற்றின் கடைசியில் குங்குமச் சிவப்பு. ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இத்தனை நிறம் இருந்தும் ஏன் தெரிவதில்லை என்று படத்தைப் பார்த்தவர்கள் கேட்பார்கள். நிழலில் நேரில் பார்த்தால் புரியும். முதுகுப் பச்சை இலையோடு போய்விடும், மார்பு நிறம் காய்ந்த சருகோடு போய்விடும். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். சென்னைக்கு வருபவற்றில் இரண்டு வகை உண்டு: ஓரிரு நாள் இறங்கி இளைப்பாறிவிட்டு மேலும் தெற்கே போகிறவை, இங்கேயே மார்ச் ஏப்ரல் வரை தங்குகிறவை. உங்கள் தோழி வீட்டுக்கு வந்தது முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரவெல்லாம் பறந்து களைத்து, விளக்கு வெளிச்சத்தில் குழம்பி, கண்ணாடியில் மோதி, விடியும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மாடிப்படியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் உட்கார்ந்திருக்கும். அப்படி வரும் பறவையைத் தேடிப் போய்ப் பார்க்க முடியாது, அது தற்செயல். நீங்கள் தேட வேண்டியது தங்கும் வகையை. அதற்கு ஒரு வசதி இருக்கிறது: ஓர் இடம் பிடித்துப்போனால் அந்தச் சுற்று வட்டாரத்தை விட்டு எளிதில் நகராது. இன்றைக்குக் கூவிய புதருக்குப் பக்கத்திலேயே அடுத்த வாரமும் கூவும். அந்தப் பிடிவாதம்தான் நமக்குக் கைகொடுக்கும்.

இனி சருகுக்கு வருகிறேன். எல்லாச் சருகும் ஒன்றல்ல. காலில் மிதித்தால் நொறுங்கும் காய்ந்த இலை வெறுமனே பரவிக் கிடந்தால் போதாது. ஒரு குச்சியால் மேல் இலைகளைத் தள்ளிப் பாருங்கள் (கையை விடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்). அடியில் இலைகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஈர மண்ணோடு கலந்து, காளான் வாசனை வர வேண்டும். மண்புழு, வண்டுப் புழு, மரவட்டை, கறையான், சின்ன நத்தை எல்லாம் அங்கேதான் இருக்கும். அதுதான் இந்தக் குருவியின் சாப்பாடு. இப்படி ஒரு தரை இருந்து, அதற்கு மேலே மதியத்திலும் வெயில் புள்ளி புள்ளியாக மட்டும் விழும் நிழல் இருந்து, ஆபத்து வந்தால் புகுந்துகொள்ள இரண்டு மூன்று அடியில் ஒரு புதர் இருந்தால், அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புங்கையும் ஆலமரமும் நிற்கும் பழைய தோட்டங்கள், மூங்கில் தூறுகள், களா, காரை, சூரை எல்லாம் பின்னிக் கிடக்கும் கிண்டிக் காட்டு மாதிரியான குறுங்காடு, வேலியோரம் மண்டிய உண்ணிச்செடிப் புதர், இவையெல்லாம் சரியான இடங்கள். சீமைக்கருவேலம் மட்டும் அடர்ந்த இடத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதன் சிற்றிலைகள் இந்த மாதிரி கனமான, ஈரம் காக்கும் மெத்தையாகச் சேர்வதில்லை.

நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் குருவி தங்காததற்குக் காரணமும் இதுவே. மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, தண்ணீர்கூட விடுகிறார்கள். ஆனால் தினமும் காலையில் தென்னை விளக்குமாற்றால் தரையைச் சுத்தமாகக் கூட்டி, சருகைக் குவித்து, பல இடங்களில் கொளுத்தியும் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் பறவைக்கு இந்த ஊரில் வேண்டியதெல்லாம் கூட்டப்படாத ஒரு மூலை. உங்கள் குடியிருப்புச் சங்கத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ பேச உங்களுக்கு இடம் இருந்தால், சுற்றுச்சுவர் ஓரமாகப் பத்தடி அகலத்துக்காவது சருகை அப்படியே விடச் சொல்லுங்கள். குருவி வராவிட்டாலும் மண்ணுக்கு நல்லது. வந்தால் ஊரைச் சுற்ற வேண்டிய அவசியமே உங்களுக்கு இருக்காது.

அடுத்தது காது. இந்தக் குருவியைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டுவிட்டுத்தான் பார்த்திருப்பார்கள். தெருமுனையில் யாரோ நண்பனை விசிலடித்துக் கூப்பிடுவது போல, தெளிவான இரண்டு சுரம். முதல் சுரம் மேலே ஏறும், இரண்டாவது சறுக்கிக்கொண்டு இறங்கும்: 'வீஈட்-ட்யூ'. அவ்வளவுதான். ஒரு முறை, சில சமயம் மூன்று நான்கு முறை, இடைவெளி விட்டு. ஒன்று கூவினால் கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொல்லும். கூவும்போது அடிக்கடி தாழ்ந்த கிளை ஒன்றில் ஏறி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்துக்கு நீட்டும். பகலில் தரையை விட்டு அது மேலே வந்து நிற்பதைப் பார்க்கக் கிடைக்கும் சில தருணங்களில் இது ஒன்று.

பெயரில் இருக்கும் ஆறு மணி என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெளிச்சத்தைப் பார்த்துக் கூவும் பறவை. சென்னையில் அக்டோபர் நடுவில் சூரியன் கிட்டத்தட்ட 6 மணிக்கு உதிக்கும், ஜனவரி நடுவில் 6.30-ஐத் தாண்டிவிடும். மாலையில் நவம்பர் கடைசியில் 5.40-க்கே இறங்கிவிடும், ஜனவரி நடுவில் 6 மணி ஆகும். காலையில் சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள், மாலையில் மறைந்த பிறகும் கால்மணி நேரம் காத்திருங்கள். மழை மூட்டமான நாட்களில் பகலிலும் கூவும். நவம்பரில் மேகம் கறுத்து, மழை விட்டு, எல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் நேரம் மதியம் 3 மணியாக இருந்தாலும் நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

காலையில் காது ஏமாறவும் வழி உண்டு. குண்டுகரிச்சான் விடியலில் விசிலடிக்கும், ஆனால் அது நீளமாக, ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றிப் பாடும். குயில் ஏறிக்கொண்டே போகும். ஆறுமணிக்குருவிக்கு அந்த இரண்டு சுரம்தான், மாற்றமே இல்லை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைக் கைபேசியில் வைத்திருந்தால் ஓடவிடலாம், உதவும். ஆனால் அது பெயர் சொன்னதும் பட்டியலில் சேர்த்துவிடாமல் நீங்களும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதே கைபேசியில் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்கும் வழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது பதறி வெளியே வரும். தினம் ஒருவர் இப்படிச் செய்தால் அந்த இடத்தில் அது எப்படித் தங்கும்?

சரி, குரல் கேட்டாயிற்று. உடனே அந்தப் பக்கம் நடக்கத் தோன்றும். நடக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் புங்கை மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், என்கிற மாதிரி. மறுநாள் வேறு ஒரு பக்கத்திலிருந்து கேளுங்கள். இரண்டு திசையும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே சருகு எப்படி இருக்கிறது என்று பகலில் போய்ப் பார்த்துவையுங்கள். மூன்றாவதாகப் போகும்போது இருட்டோடு போய், சருகுத் தரை தெரியும்படி இருபது முப்பது அடி தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டிருப்பதை விட உட்கார்வது நல்லது. மனித உருவம் குட்டையாகிவிட்டால் தரைப் பறவைகள் சீக்கிரம் நம்மை மறந்துவிடும். மங்கலான நிற உடுப்பு, ஓடோமாஸ், ஒரு பழைய ரெக்சின் துண்டு. மழைக்காலக் கொசு சென்னையில் விளையாட்டு இல்லை. கையால் அடித்து விரட்டிக்கொண்டிருந்தால் குருவி வராது, அடிக்காமல் விட்டால் காய்ச்சல் வரும். எனவே முழுக்கை சட்டையும் காலுறையும் கட்டாயம்.

உட்கார்ந்தபின் கண்ணை விடக் காதுதான் மீண்டும் வேலை செய்யும். சருகில் சத்தம் போடுகிறவர்கள் நிறையப் பேர். அணில் சரசரவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடும். அரணை போனால் மெல்லிய, விடாத உரசல் கேட்கும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து, கத்திக்கொண்டே ஊரைக் கூட்டிக்கொண்டு சருகைப் புரட்டும். செம்போத்து கனமாக நடக்கும். ஆறுமணிக்குருவியின் சத்தம் இப்படி இருக்கும்: தத், தத், தத் என்று இரண்டு மூன்று தாவல். அமைதி. பிறகு 'பட்' என்று ஓர் இலை மட்டும் புரளும். மறுபடி அமைதி. அந்த அமைதி நீளமாக இருக்கும், ஏனென்றால் அது தலையைச் சாய்த்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தாளம் ஒரு தடவை பழகிவிட்டால் மற்ற சத்தங்களிலிருந்து பிரித்துவிடலாம்.

பார்வைக்குக் கிடைக்கும்போதும் முழுப் பறவையாகக் கிடைக்காது. முதலில் தெரிவது பெரும்பாலும் முகத்தின் கறுப்புப் பட்டை, அல்லது வெள்ளைத் தொண்டை, அல்லது அது குனியும்போது பின்னால் தெரியும் சிவப்பு. அந்தப் புள்ளியில் கண்ணை வைத்துக்கொண்டே பைனாகுலரை மெல்ல உயர்த்துங்கள். நிழலில் பார்க்க எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் நல்லது, பத்து மடங்கு பெரிதாக்குவது இங்கே பெரிய உதவி இல்லை. அலகால் ஓர் இலையைப் பிடித்து பக்கவாட்டில் வீசும், அடியில் இருப்பதைக் கொத்தும், குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைக்கும். மண்புழு மாட்டினால் இழுத்துப் பிடித்து நின்று அதைத் தரையில் அடித்து விழுங்கும். அந்த நேரத்தில் உங்களைக் கவனிக்கவே கவனிக்காது. நான் நெருக்கத்தில் நிதானமாகப் பார்த்ததெல்லாம் புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பறவைகளைத்தான்.

பறந்துவிட்டால் ஒரு குழப்பம் வரும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் குருவி பறக்கும்போது நீலம் மின்னும், இறக்கையில் வட்டமாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். நம் ஊரில் எங்கும் இருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி பறக்கும்போதும் நீலமும் வெள்ளைத் திட்டும் தெரியும்! தண்ணீரே இல்லாத தோட்டத்திலும் மீன்கொத்தி இருக்கும். எனவே நீல மின்னல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். தரையிலிருந்து கிளம்பித் தாழவே பறந்து மறுபடி புதருக்குள் இறங்கினால் ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். கம்பத்திலோ கம்பியிலோ போய் உட்கார்ந்து உரக்கச் சிரித்தால் மீன்கொத்தி. இதே சருகில் இதே மாதங்களில் செந்தலைப் பூங்குருவியும் காட்டு வாலாட்டியும் வரும். பூங்குருவிக்குத் தலையும் மார்பும் ஆரஞ்சு, உடல் சாம்பல். காட்டு வாலாட்டி வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், மார்பில் இரட்டைக் கறுப்புப் பட்டை. இவை இரண்டும் கிடைத்தாலே இடம் சரி என்று அர்த்தம், அங்கேயே உட்காருங்கள்.

இப்போது ஊருக்குள் எங்கே என்பது. பள்ளிக்கரணையை இதற்காக மறந்துவிடுங்கள். சென்னையின் மிகச் சிறந்த பறவைச் சதுப்பு அது, 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது, ஆனால் திறந்த நீர்ப்பரப்பிலும் கோரையிலும் இந்தக் குருவிக்கு வேலை இல்லை. கிண்டி தேசியப் பூங்கா சரியான காடுதான். ஏறக்குறைய 270 ஹெக்டேரில் உலர் பசுமைக் காடும் புதர்க்காடும். ஆனால் உள்காட்டுக்கு நினைத்தபோது போக முடியாது, சிறுவர் பூங்கா திறக்கும் நேரத்தில் குருவி கூவி முடித்திருக்கும். நீங்கள் பார்க்காததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அடுத்த தடவை மூடும் நேரத்தை ஒட்டி, மழை மூட்டமான மாலையில், சுவரோர மரக்கூட்டங்களின் பக்கம் இருந்து பாருங்கள். அதே காட்டின் தொடர்ச்சிதான் ஐஐடி வளாகம். அங்கே படிக்கும், வேலை பார்க்கும் யாரையாவது தெரிந்தால் அது பெரிய பேறு, விடியலில் உள்ளே இருக்க வழி கிடைக்கும்.

அடையாறு பிரம்ம ஞான சபைத் தோட்டம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி இருநூறு ஏக்கருக்கு மேல், பழைய மரங்கள், கூட்டப்படாத ஓரங்கள். பொதுமக்களை உள்ளே விடும் நேரம் குறைவு, அது மாறவும் செய்யும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஆலமரத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பாதையில் போவார்கள். நீங்கள் ஆள் குறைந்த பாதையில் நின்று தரையைப் பாருங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னை முழுக்க மரங்களைச் சாய்த்தது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட குறிப்புகளில் 'இந்த மூலையில் நிச்சயம்' என்று இருக்கும் சில இடங்களில் இன்று அந்த நிழலே இல்லை. பழைய தகவலை நம்பிப் போவதை விட, இப்போது நிழலும் சருகும் எங்கே என்று நீங்களே பார்ப்பது மேல்.

ஆனால் மேடவாக்கத்துக்காரர் நீங்கள் கிண்டிக்கும் அடையாறுக்கும் போக வேண்டியதே இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது, 300 ஹெக்டேருக்கு மேல். கல்குவாரிப் பாறையில் இருக்கும் கொம்பன் ஆந்தைக்காக அதைப் பலருக்குத் தெரியும். உள்ளே போக வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் உங்கள் முதல் வேலை கேட்பதுதான், அதை வேலிக்கு வெளியே இருந்தே செய்யலாம். வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் வேண்டாம், பஸ் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. பின்பக்கக் குடியிருப்புத் தெருக்கள் காட்டில் போய் முட்டும் இடங்களில் 5.30-க்கு நில்லுங்கள். அந்தக் காட்டில் பாறையும் திறந்த புதருமாக இருக்கும் பகுதி அதிகம், எனவே தாழ்வான, தண்ணீர் வடியும் ஓரங்களில் மரம் நெருங்கி நிற்கும் இடங்களாகப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் போனால் தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம். 1937-ல் கல்லூரி அங்கே இடம் மாறியதிலிருந்து காத்து வளர்த்த காடு, சருகு தாராளம். அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். வண்டலூர் உயிரியல் பூங்காவின் புதர் ஓரங்களும் நல்லவைதான். அங்கேயும் திறக்கும் நேரம்தான் தடை.

எல்லாவற்றையும் விட, நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம் கண்டுபிடியுங்கள் என்பேன். பழைய பள்ளிக்கூடம், கோயில் நந்தவனம், கல்லறைத் தோட்டம், யாரும் வீடு கட்டாமல் விட்ட மரமடர்ந்த மனை. தூரத்தில் இருக்கும் புகழ்பெற்ற இடத்துக்கு மாதம் ஒரு தடவை போவதை விட, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுமாரான இடத்தில் அக்டோபர் முழுக்க விடியலில் பத்து நிமிடம் நின்று கேட்பது அதிகப் பலன் தரும். வாக்கிங் போகிற நேரம்தானே. காதில் இயர்போன் இல்லாமல் போனால் போதும்.

கையை விடாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, காரணம் பாம்பு. இந்தக் குருவிக்குப் பிடித்த சருகு கண்ணாடி விரியனுக்கும் பிடிக்கும், அதன் உடல் நிறமும் சருகு நிறமே. இருட்டில் டார்ச் இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள், மூடிய காலணி போடுங்கள், உட்காரும் இடத்தை முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

உங்கள் தோழி வீட்டில் நடந்தது மறுபடி நடந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்டோபர், நவம்பரில் அது நடந்துகொண்டேதான் இருக்கும். களைத்துப்போன குருவிக்கு முதல் எதிரி காகம், அடுத்தது பூனை. மெல்லிய துணியைப் போட்டு எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் அடியில் துணி விரித்து விட்டு மூடி, விசிறிக் காற்றோ டிவி சத்தமோ இல்லாத இருட்டு மூலையில் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். செல்ஃபி எடுக்கக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு ஆபத்து. சில மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் தத்தத் தொடங்கினால், காகங்கள் அடையப் போகும் மாலை நேரத்தில், பக்கத்தில் புதரும் நிழலும் இருக்கும் இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ காலூன்ற முடியாவிட்டாலோ வனத்துறையைக் கூப்பிடுங்கள். அழகாக இருக்கிறது என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பூச்சியும் புழுவும் தின்னும் பறவை வீட்டில் பிழைக்கவும் பிழைக்காது.

எப்போது தொடங்குவது? செப்டம்பர் கடைசியிலேயே சருகுத் தரைகளைப் பார்த்து வைத்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவு செய்யும் ஈபேர்ட் இணையதளத்தில் சென்னை மாவட்டத்துக்கு வாரவாரியாக வரும் பட்டை வரைபடத்தைப் பார்த்தால் பதிவுகள் எப்போது ஏறுகின்றன என்று தெரியும். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற குழுவோடு ஒரு காலை போய்வந்தால் காது பழகிய ஒருவர் பக்கத்தில் இருப்பார், அது நாலு வாரப் பயிற்சிக்குச் சமம். நவம்பர், டிசம்பர் அடைமழையில் பார்ப்பது சிரமம், கேட்பது எளிது. என் கணக்கில் பார்ப்பதற்கு நல்ல காலம் ஜனவரியும் பிப்ரவரியும். மழை நின்று தரை காயத் தொடங்கியதும் ஈரம் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே குருவிகள் ஒதுங்கும்: குழாய் கசியும் மூலை, தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரம், ஏசி தண்ணீர் சொட்டும் சுவரடி. தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடும்.

பார்த்துவிட்டால் ஈபேர்டில் பதிவு செய்யுங்கள். ஆனால் அது தினமும் இரை தேடும் புதரைப் படத்தோடு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு வழி சொல்லாதீர்கள். மறுநாளே இருபது கேமரா வந்து நிற்கும். ஊர்ப் பெயர் போதும். மார்ச் கடைசியில், ஏப்ரலில் கிளம்புவதற்கு முன் கூவல் சில இடங்களில் மறுபடி கூடும். வந்த நாளை எல்லோரும் குறித்துவைக்கிறார்கள், கடைசியாகக் கேட்ட நாளை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதையும் சேர்த்தே குறித்துவையுங்கள், அடுத்த வருடம் எந்த வாரம் வரை போய் நிற்கலாம் என்பதற்கு உங்களுக்கே அது தேவைப்படும்.